20 வரை ஒப்பிக்கிறாள், 5 புளியங்கொட்டை எடுத்துத் தரத் தெரியவில்லை

திண்ணை: நாலு வயசுப் பொண்ணு, எல்.கே.ஜி. இருபது வரைக்கும் மளமளன்னு சொல்றா. "அஞ்சு கொட்டை குடு"ன்னா ஒரு கை அள்ளித் தர்றா. நோட்டுல எழுத வைக்காம விளையாட்டா இதைப் பழக்க முடியுமா? வீட்டுல பல்லாங்குழியும் பரமபதமும் இருக்கு.

சோழி: குறை ஒன்றும் இல்லை. எண்களைப் பாட்டாகச் சொல்வது வேறு, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்துவது வேறு. இரண்டாவது பல பிள்ளைகளுக்கு மூன்றரை, நாலு வயதை ஒட்டித்தான் பிடிபடும்.

பல்லாங்குழியை முழு ஆட்டமாக எடுக்காதீர்கள். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 காய், சுற்றிச் சுற்றிப் போட்டு வெற்றுக்குழியைத் துடைத்து அள்ளுவது எல்லாம் இந்த வயதுக்கு அதிகம். 4 குழியை விட்டு மற்றதைத் துணியால் மூடுங்கள். கையில் 4 காய், குழிக்கு ஒன்று, போடும்போதே வாய்விட்டு எண்ண வேண்டும். முதலில் ஒரே குழியில் இரண்டு விழும்; கடைசிக் குழி காலியாக நிற்கும். குழியைத் தாண்டினால் கையில் ஒரு காய் மிஞ்சும். நீங்கள் திருத்த வேண்டாம், பலகையே காட்டிக்கொடுத்துவிடும்.

போட்டு முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் உறைக்கவில்லை. 5க்குத் தாவாமல் 3 காயிலேயே சில நாள் ஓட்டுங்கள்.

கட்டம்: பரமபதம் இப்போது வேண்டாம். வரிசைக்கு வரிசை திசை மாறும், பாம்பு கடித்தால் எண் பின்னால் பாயும், பிள்ளை குழம்பும். தரையில் சாக்பீஸால் நேராக 10 கட்டம் போட்டு எண் எழுதுங்கள். ஒரு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் உரசி வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை விழுந்தால் 1, கறுப்பு விழுந்தால் 2.

நகர்த்தும்போது சொல்லும் எண்தான் முக்கியம். 3ல் நிற்கும் காய் இரண்டு கட்டம் போனால் "ஒண்ணு, ரெண்டு" இல்லை, "நாலு, அஞ்சு". நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று எண்ணுவதுதான் வழக்கமான தப்பு. காயைத் தூக்கி அடுத்த கட்டத்தில் வைத்த பிறகே வாய் திறக்கட்டும். அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் சீக்லரும் கீதா ராமணியும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், எண் எழுதிய கட்டங்களில் இப்படி ஆடிய சிறுபிள்ளைகளுக்கு எண்ணறிவு கூடியது. எண்ணில்லாத வண்ணக் கட்டங்களில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. ஆடியது இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொன்றும் சுமார் கால் மணி நேரம், அவ்வளவுதான்.

மஞ்சாடி: காய் விஷயத்தில் கவனம். பல்லாங்குழிக்குப் போடும் மஞ்சாடி விதை முழுச் சிவப்பு. கறுப்புப் பொட்டு இருந்தால் அது குண்டுமணி. கடித்து உடைத்தால் கடும் விஷம், வீட்டிலேயே வைக்காதீர்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் தொண்டையில் சிக்கும், புளியங்கொட்டையும் கூடாது. மூக்கில் விதை போட்டுக்கொண்டால் ஊறிப் பருக்கும். கொண்டை ஊசியால் நோண்டாமல் டாக்டரிடம் போங்கள்.

திண்ணை: நன்றி. ஆனா அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் கொட்டிட்டு சொப்பு வைச்சு சமைக்கப் போயிடுறாளே?

சோழி: போகட்டுங்க, அங்கேயும் கணக்கு இருக்கிறது. நாலு பொம்மையை உட்காரவைத்து ஆளுக்கொரு தட்டு போடச் சொல்லுங்கள். பிறகு, "எல்லாருக்கும் ஸ்பூன் வேணும், ஒரே நடையில எடுத்துட்டு வா" என்று அடுக்களைக்கு அனுப்புங்கள். ஸ்பூன் இருக்கும் இடத்திலிருந்து தட்டு கண்ணில் படக் கூடாது. பட்டால் எண்ணாமலே பார்த்துப் பார்த்து எடுத்துவிடுவாள். ஆறு ஸ்பூனோடு வந்தால் வாங்கி வைக்காதீர்கள். அவளே தட்டுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்து, மிஞ்சிய இரண்டைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கட்டும்.