மூன்று மருத்துவமனைகளில் ஒரே ஆய்வு: நெறிமுறைக் குழு ஒப்புதலை எங்கெங்கே வாங்க வேண்டும்?

கேள்வி (ஆய்வு மாணவி, மதுரை)

வணக்கம். சர்க்கரை நோயாளிகள் தங்கள் பாதங்களை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. மருந்து கொடுப்பதோ ரத்தம் எடுப்பதோ கிடையாது. வினாத்தாளும், பாதத்தைப் பார்த்துப் புண் இருந்தால் குறித்துக்கொள்வதும்தான். மனிதர்களிடம் நடத்தும் ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தருவது நெறிமுறைக் குழு; மதுரையில் நான் படிக்கும் கல்லூரியின் குழு ஒப்புதல் தந்துவிட்டது. திண்டுக்கல் மருத்துவமனையின் குழுவோ அதை ஏற்காமல், தங்கள் படிவத்தில் முதலிலிருந்து விண்ணப்பிக்கவும் இரண்டு கேள்விகளை மாற்றவும் சொல்கிறது. உசிலம்பட்டியில் உள்ள சிறிய மருத்துவமனையில் குழுவே இல்லை. "மதுரைக் கடிதம் போதும், அடுத்த வாரமே வாருங்கள்" என்கிறார் அங்குள்ள மருத்துவர். போகலாமா?

பதில் 1 (நெறிமுறைக் குழு ஒன்றில் உறுப்பினர் செயலராக இருந்தவர்)

அடுத்த வாரம் போகாதீர்கள். முதலில் உங்கள் ஒப்புதல் கடிதத்தை எடுத்து, ஆய்வு நடக்கும் இடமாக உசிலம்பட்டி அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். குழு இல்லாத நிறுவனம், புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு வேறு நிறுவனத்தின் குழுவைப் பயன்படுத்தலாம். ஒப்பந்தமும் இடம் சேர்த்த ஒப்புதலும் கையில் வரும்வரை ஒரு நோயாளியிடமும் வினாத்தாளை நீட்டக் கூடாது, ஏனெனில் முடிந்துபோன வேலைக்குப் பின்னர் ஒப்புதல் தரும் வழக்கம் இல்லை. அதே ஊரில் அல்லது 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் குழுவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதியை யாராவது சொல்லிக் குழப்பினால், அது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளில் மருந்துப் பரிசோதனைகளுக்காகச் சொல்லப்பட்டது. உங்கள் ஆய்வுக்கு உரியதன்று.

திண்டுக்கல் விஷயம் வேறு. பல இடங்களில் நடக்கும் ஆய்வுக்கு ஒரு குழுவை முதன்மைக் குழுவாக வைத்து, அதன் முடிவை மற்றக் குழுக்கள் ஏற்கலாம் என்றும், ஆபத்து குறைந்த ஆய்வுகளுக்கு இது மிகவும் பொருத்தம் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் அது "ஏற்கலாம்" தானே தவிர "ஏற்றாக வேண்டும்" இல்லை. மறுத்தால் விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். முழுக் குழுக் கூட்டத்திற்குக் காத்திராமல் விரைவுப் பரிசீலனை கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் மாற்றத்தைத் திண்டுக்கல்லில் மட்டும் செய்துவிடாதீர்கள். இரண்டு வினாத்தாள்கள் வந்துவிட்டால், பின்னால் தரவை ஒன்றுசேர்க்கும்போதுதான் வலி தெரியும்.

பதில் 2 (மேலூர்ப் பக்கம் களப்பணி செய்தவர்)

நோயாளிகளிடம் சம்மதம் வாங்கும் ஒப்புதல் படிவத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எங்கள் படிவத்தில் "நீரிழிவு" என்று இருந்தது. கிராமத்தில் பாதிப் பேர் அது வேறு ஏதோ நோய் என்று நினைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, "கைநாட்டு வைத்தால் நிலம் கைமாறிவிடுமா?" என்று கேட்டு, பேத்தி வந்து முழுவதையும் வாசித்துக் காட்டும்வரை விரலை மடக்கியே வைத்திருந்தார். கைநாட்டு வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். நாங்கள் எங்கள் ஆய்வுக் குழுவில் வேலை பார்த்த செவிலியரையே சாட்சியாகப் போட்டிருந்தோம். அதை நெறிமுறைக் குழுவின் பொதுமக்கள் பிரதிநிதிதான் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். மருத்துவர்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. கடிதத்தைப் பார்த்தேன், ஆய்வின் தலைப்பு மட்டுமே இருக்கிறது, இடத்தின் பெயர் எதுவும் இல்லை. திண்டுக்கல் குழு மாற்றச் சொன்ன கேள்விகளையும் நிதானமாக மறுபடி வாசித்தேன். "வெறுங்காலுடன் நடப்பீர்களா?" என்று நான் கேட்டிருந்தேன், வயலில் நடப்பதையும் பழனிப் பாதயாத்திரையையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறார்கள். தைப்பூசத்திற்கு நடந்துபோகிறவர், என் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்லியிருப்பார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. மூன்று இடங்களுக்கும் சேர்த்தே திருத்த விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உசிலம்பட்டி மருத்துவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.