மறு: சாஃப்ட் ப்ரூஃப் – மென்மெய்ப்பா, திரைமெய்ப்பா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சாஃப்ட் ப்ரூஃபுக்கு, அதாவது அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே பார்க்கும் மெய்ப்புக்கு, 'மென்மெய்ப்பு' என்ற தமிழ்ச்சொல்லை நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். மென்பொருள், மென்நகல் என்ற வரிசையில் அது பொருந்தும்தான். ஆனாலும் 'திரைமெய்ப்பு' என்றே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கும்பகோணம் பக்கம் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்களில் அடிக்கடி கேட்கும் புகார், "மானிட்டர்ல ஒரு கலர், பிரிண்ட்ல வேற கலர்" என்பது. அதிலும் மணப்பெண் ராயல் புளூவில் திருபுவனம் பட்டு கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். திரை தானே ஒளி தருவது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. திரையில் தெரியும் அந்த அடர்நீலத்தில் ஒரு பகுதி மையால் எட்ட முடியாதது. திரையை எவ்வளவு கவனமாக அளவுதிருத்தம் (கேலிப்ரேஷன்) செய்தாலும் அது தாளுக்கு வராது. அச்சுப்பொறி, மை, தாள் மூன்றுக்கும் சேர்த்து அளந்து எடுத்த ஐ.சி.சி. ப்ரொஃபைலை (நிறங்கள் எப்படி வரும் என்று விவரிக்கும் கோப்பு) வைத்து, தாளில் நிறம் எப்படி விழும் என்று அச்சடிக்கும் முன்பே திரையில் பார்த்துக்கொள்ளலாம். நாம் பெயர் தேடுவது இந்த வேலைக்குத்தான்.

மென்பொருளும் மென்நகலும் எந்தக் கணினிக்குப் போனாலும் மாறுவதில்லை. இது அப்படியில்லை. அளவுதிருத்திய திரையை விட்டு நகர்ந்தால் மெய்ப்பு என்ற தகுதியே போய்விடும். அதே படத்தை வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் அது வெறும் படம். திரையின் வெளிச்சமும் இதில் முக்கியம். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை வைப்பது வழக்கம். கடையிலிருந்து வந்தபடியே முழு வெளிச்சத்தில் விட்டால் பிரிண்ட் இருட்டாகத்தான் தெரியும். அச்சை வைத்துப் பார்க்கும் விளக்குக்கும் ஐ.எஸ்.ஓ. 3664 தரம் டி50 என்ற, பகல்வெளிச்சம் போன்ற ஏறத்தாழ 5000 கெல்வின் நிறவெப்பநிலை ஒளியைச் சொல்கிறது. இவ்வளவும் திரையைச் சார்ந்து நிற்கும்போது, பெயரில் திரை இருப்பதுதானே முறை? 'மெய்ப்பு' நம் அச்சகங்களில் ஏற்கெனவே புழங்கும் சொல், விளக்கவும் வேண்டாம்.

அப்புறம், ப்ரொஃபைலுக்குச் 'சுயவிவரம்' வேண்டவே வேண்டாம். அது ஆளுக்கு உரியது. 'நிற விவரக்கோப்பு' போதும்.

பதிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: "ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பும் முன் திரைமெய்ப்பில் நீலத்தைச் சரிபார்த்துக்கொள்."

காமட்டுக்கு, அதாவது ஒரு திரையோ அச்சுப்பொறியோ காட்டக்கூடிய நிறங்களின் மொத்தப் பரப்புக்கு, 'நிறவீச்சு', 'நிற எல்லை' இரண்டும் பட்டியலில் நிற்கின்றன. எனக்கு நிறவீச்சு பிடிக்கிறது. அச்சுத்தொழிலில் இருப்பவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் அதையும் முடித்துவிடலாம்.