நீலகிரி ஏறி இறங்க எந்த ஜாக்கெட்: வின்ட்சீட்டரா, வாட்டர்புரூஃபா?

ஒண்டிப்புதூர்க்காரன்:
டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்துக் கோத்தகிரி ஏறி, அங்கிருந்து ஊட்டி, பிறகு குன்னூர் வழியாக இறக்கம் என்று திட்டம். மற்ற நாட்களில் கோவைக்குள் ஆபீஸுக்கும் சைக்கிள்தான். ஜாக்கெட் ஒன்றுதான் வாங்க முடியும், இரண்டாவதற்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. கடையில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மெம்ப்ரேன் (மழையை நிறுத்தி வேர்வை ஆவியை வெளியே விடும் மெல்லிய படலம்) வைத்த வாட்டர்புரூஃப், 12,000 ரூபாய். இன்னொன்று மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் வின்ட்சீட்டர், 2,000க்குள். மழை, குளிர், காற்று மூன்றுக்கும் சேர்த்து எதை வாங்கலாம்?

கியர்மாத்தி:
வின்ட்சீட்டர். யோசிக்கவே வேண்டாம்.

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800ஐ ஒட்டி. நடுவில் 33 கிலோமீட்டர் விடாத ஏற்றம். ஏறும்போது எந்த ஜாக்கெட்டும் வேண்டாம், டிசம்பராக இருந்தாலும் சரி. வாட்டர்புரூஃபைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் சில வளைவுகளுக்குள் கழற்றிவிடுவீர்கள். கழற்றினால் ஜெர்சியின் பின் பாக்கெட்டில் அடங்காது, இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மிச்சத் தூரமும் மிதிக்க வேண்டும்.

ஜாக்கெட் தேவைப்படுவது இறக்கத்தில். அங்கே உங்களை நடுங்க வைப்பது வேர்வையில் ஊறிய ஜெர்சிமேல் அடிக்கும் காற்று. வெளியே 10 டிகிரி, நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறீர்கள் என்றால் தோலுக்கு அது 6 டிகிரி போலத் தெரியும். காற்றைத் தடுக்க நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் போதும், அதற்கு 12,000 ரூபாய் எதற்கு?

இரவுப்பயணி:
கியர்மாத்தி அண்ணா மழையே இல்லாத டிசம்பரைப் பற்றிப் பேசுகிறார். கோத்தகிரியும் குன்னூரும் மலையின் கிழக்குச் சரிவு. கூடலூர் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால் இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இங்கேதான் கொட்டும். மண் சரிந்தது, மரம் விழுந்தது, சாலை மூடல் என்ற செய்தியெல்லாம் வருவதும் அந்த மாதங்களில்தான்.

நல்ல மழையில் வின்ட்சீட்டர் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். அதன்பின் ஈரத் துணியாக உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நான் பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) ஓட்டுகிறவன். 400 கிலோமீட்டருக்கு 27 மணி நேரம், 600க்கு 40 மணி நேரம் கெடு. ராத்திரி மழையில் நின்றுவிட முடியாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும். மலை இறக்கத்தில் நனைந்து விறைத்த விரலால் பிரேக் லீவரை இழுக்க முடியாமல் தவித்திருக்கிறீர்களா? லீவர் கைக்குள் இருக்கும், விரல் மடங்காது. அந்த நிலைமைக்குத்தான் வாட்டர்புரூஃப். வசதிக்காக இல்லை, பாதுகாப்புக்காக.

வேளச்சேரிவாசி:
இரண்டு பேரும் மலையிலேயே நிற்கிறீர்கள். அவர் ஆபீஸும் போக வேண்டும் என்கிறாரே. சென்னையில் மழைக்காலம் முழுக்கச் சைக்கிளில் போகிறவன் சொல்கிறேன்: ஊருக்குள் மழைக்கு ஜாக்கெட்டே வேண்டாம். 25, 26 டிகிரியில் பெய்கிற மழை, நனைந்தால் நனையட்டும். மாற்றுச் சட்டை, பேன்ட், துண்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள். லேப்டாப் நனையாமல் இருந்தால் சரி.

பைக்காரர்கள் போடும் ரப்பர் ரெயின்கோட்டையும் வாங்காதீர்கள். தலையைத் திருப்பினால் தொப்பி திரும்பாது, பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பதில் தொப்பியின் உள்பக்கம்தான் தெரியும். போஞ்சோ (தலை வழியாக மாட்டும் தொளதொள மழைப் போர்வை) இன்னும் மோசம். பக்கத்தில் லாரி போனால் பாய்மரம் மாதிரி விரிந்து சைக்கிளோடு இழுக்கும்.

இரவுப்பயணி:
/நனைந்தால் நனையட்டும்/

வேளச்சேரியில் நனையலாம் நண்பரே. ஊட்டி 2,240 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கீழே 26 என்றால் மேலே என்ன என்று கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

கியர்மாத்தி:
சரி, மெம்ப்ரேன் கதையைப் பேசிவிடலாம். டேக்கில் இரண்டு எண் இருக்கும். முதல் எண் 10,000 மி.மீ. என்றால், துணிமேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் உள்ளே கசியாது என்று அர்த்தம். நல்ல துணிதான், நான் மறுக்கவில்லை. கேள்வி இரண்டாவது எண்ணில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் 10,000 கிராம் ஆவியை வெளியே விடும் என்று போட்டிருப்பார்கள். 24ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 416 கிராம். கோத்தகிரி ஏறுகிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை சர்வ சாதாரணம். மிச்சம் எங்கே போகும்? உள்ளேயேதான் நிற்கும்.

அந்த 416ம் ஆய்வகத்துக் கணக்கு. ஆவி தானாக வெளியே போகாது, உள்ளே ஆவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் தள்ளும். தோலை ஒட்டிய 35 டிகிரி ஈரக்காற்றில் ஆவி அழுத்தம் 56 மில்லிபார். வெளியே 10 டிகிரி மழைக்காற்றில் 12. வித்தியாசம் 44, நன்றாகத் தள்ளும். இதே கோவையில் 26 டிகிரி மழை நாளில் வெளியே 32. வித்தியாசம் 24தான். ஐரோப்பியக் குளிருக்கென்று செய்த துணி நம் ஊர் மழையில் பாதி வேலைதான் செய்யும்.

இன்னொன்று. வெளிப்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட ஒரு பூச்சு இருக்கும். அது தேய்ந்தால் மேல்துணி தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். மெம்ப்ரேன் உள்ளே ஒழுகாது, ஆனால் ஆவி போகிற வழி அடைத்துவிடும். புளோரின் கலந்த பழைய பூச்சுகளைச் சுற்றுச்சூழல் காரணத்தால் கைவிட்டு வருகிறார்கள். புதியவை எண்ணெய்ப் பிசுக்குக்கு அவ்வளவு தாங்குவதில்லை. சன்ஸ்கிரீனும் வேர்வையும் பட்டால் சீக்கிரம் போய்விடும்.

இரவுப்பயணி:
அண்ணா, உங்கள் கணக்கு சரி. அதே கணக்கை வைத்துத்தான் நானும் பேசப்போகிறேன். 10 டிகிரியில் வித்தியாசம் 44 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 10 டிகிரி எங்கே? ஊட்டியிலிருந்து குன்னூர் இறங்கும்போது, மழையில். அங்கே கால் மிதிப்பதும் இல்லை, மணிக்கு ஒரு லிட்டர் வேர்வையும் இல்லை. மெம்ப்ரேன் ஒழுங்காக வேலை செய்கிற இடமும் நமக்கு அது தேவைப்படுகிற இடமும் ஒன்றுதான்.

உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால் இருக்கட்டும். அது உடம்புச் சூட்டிலேயே இருக்கிற ஈரம். வின்ட்சீட்டருக்குள் நிமிஷத்துக்கு நிமிஷம் புதிதாக ஐஸ் தண்ணீர் வந்து அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இரண்டையும் ‘நனைவது’ என்று ஒரே கணக்கில் எழுதாதீர்கள். வாங்கும்போது அக்குளில் ஜிப் இருக்கிறதா, தையல்களை உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். டேப் இல்லாவிட்டால் துணிக்கு எத்தனை ஆயிரம் மி.மீ. போட்டிருந்தும் பிரயோஜனம் இல்லை, தையல் ஓட்டை வழியாகவே வந்துவிடும்.

டொரண்டோதமிழ்:
குளிர் பற்றி நானும் சொல்லலாம் என்று நினைக்கிறேன் :) இங்கே மைனஸ் 5இல், 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மைனஸ் 12 போலத் தெரியும். ஆனால் அந்தக் குளிரில் நான் வாட்டர்புரூஃப் போடுவதே இல்லை. பனித்தூளைத் தட்டிவிட்டால் போய்விடும். முன்பக்கமும் கைகளும் காற்றுப் புகாத துணி, முதுகு மூச்சு விடும் பின்னல் துணி, உள்ளே மெரினோ கம்பளி பனியன். அவ்வளவுதான். வாட்டர்புரூஃபை எடுப்பது ஏப்ரலில், 5 டிகிரியில் மழை பெய்யும்போது. ஒட்டுமொத்தத்தில் ஈரத்தோடு வரும் குளிர்தான் ஆளைப் போட்டுப் பார்க்கும்.

நீங்கள் இரண்டு பேரும் நடுவில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2013 மிலான் – சான் ரேமோ பந்தயம். பனி கொட்டி, பாதியில் நிறுத்தி, வீரர்களைப் பஸ்ஸில் ஏற்றி மலையைக் கடத்திவிட்டு மறுபடி ஓட்ட விட்டார்கள். அன்றைக்குப் பல அணி வீரர்கள் தங்கள் ஸ்பான்சர் கொடுத்ததை விட்டுவிட்டு, காஸ்டெல்லி என்ற சைக்கிள் உடை நிறுவனத்தின் காபா என்ற இறுக்கமான ஜெர்சி மாதிரி ஜாக்கெட்டை லோகோவைக் கறுப்படித்துப் போட்டுக்கொண்டார்கள். அது முழு வாட்டர்புரூஃப் இல்லை. காற்றை நிறுத்தும், மழையை ஓரளவு தடுக்கும், கொஞ்சம் நீளும் துணி, அவ்வளவுதான். தொழில்முறை ஆட்களே அதைத் தேடினார்கள் என்றால் ஏன் என்று பாருங்கள்.

கியர்மாத்தி:
அருமையான துணி, மறுப்பதற்கில்லை. ஆனால் கோவையில் அதை வருடத்துக்கு எத்தனை நாள் போட முடியும்? மார்கழியில் விடிகாலை வாளையார் ரோட்டில் போட்டால்கூட ஒரு மணி நேரத்தில் வெயில் வந்துவிடும்.

பழையசைக்கிள்:
தம்பிகளா, எல்லாரும் வாங்கும் நாளைப் பற்றியே பேசுகிறீர்கள், மூன்று வருஷம் கழித்து என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே. விலை குறைந்த வாட்டர்புரூஃபில் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சுதான் இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அது மெல்ல மெல்லச் சிதையும். பீரோவில் மடித்து வைத்துவிட்டு அடுத்த மழைக்கு எடுத்தால் உள்பக்கம் பிசுபிசு என்று கையில் ஒட்டும், அப்புறம் தோல் உரிகிற மாதிரி செதில் செதிலாக வரும். வருஷத்துக்கு நாலு நாள் போட வாங்குகிற பொருள், மீதி நாளெல்லாம் பீரோவுக்குள்ளேயே கெட்டுக்கொண்டிருக்கும். மடிக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். துவைக்கும்போது துணியை மென்மையாக்குகிற அந்த வாசனைத் திரவத்தை ஊற்றவே கூடாது. மேல்பூச்சு தண்ணீரை உருட்டாவிட்டால் லேபிளில் அனுமதித்திருக்கிறதா என்று பார்த்து, காய்ந்தபின் குறைந்த சூட்டில் ஒரு முறை இஸ்திரி போடுங்கள், ஓரளவு திரும்பும்.

எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? ஏறி முடித்ததும் டீக்கடையில் நேற்றைய தினத்தந்தியை வாங்கி நாலாய் மடித்து நெஞ்சுக்கும் பனியனுக்கும் நடுவில் செருகிக்கொண்டு இறங்குவோம். டூர் டி பிரான்ஸ் வீரர்களும் மலை உச்சியில் பேப்பர் வாங்கிச் செருகிக்கொண்டவர்கள்தான்.

இரவுப்பயணி:
ஐயா, பேப்பர் சரி. மழை வந்தால்?

பழையசைக்கிள்:
மழை வந்தால் டீக்கடையிலேயே இன்னொரு டீ. உங்களுக்குக் கெடு இருக்கிறது, எனக்கு இல்லை.

வேளச்சேரிவாசி:
இந்த விவாதத்திலேயே உருப்படியான பதில் இதுதான்.

ஒண்டிப்புதூர்க்காரன்:
நிறைய விஷயம் தெரிந்துகொண்டேன், நன்றி. இன்னொரு சந்தேகம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி ரோட்டில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூடவே சாரல். அதற்கு எது?

கியர்மாத்தி:
சந்தேகமே இல்லாமல் வின்ட்சீட்டர். சாரல் துணியில் படும், அந்தக் காற்றிலேயே காய்ந்துவிடும். ஆனால் அளவு முக்கியம். தொளதொளவென்று இருந்தால் எதிர்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு உங்களைப் பின்னால் இழுக்கும். கடையில் நேராக நின்று கண்ணாடி பார்க்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனிந்து கையை முன்னால் நீட்டுங்கள். மணிக்கட்டு வெளியே தெரிகிறதா, முதுகுப்பக்கம் மேலே ஏறி இடுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். நேராக நிற்கும்போது முன்னால் வயிற்றுப்பக்கம் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் இருப்பதுதான் சைக்கிளுக்கென்று வெட்டியது. காலேஜ் பையன்கள் போடுகிற வின்ட்சீட்டர் இதற்கு உதவாது.

இரவுப்பயணி:
இதில் அண்ணாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன், அதிசயம்தான். அந்தக் காற்றில் வாட்டர்புரூஃப் போட்டால் வெந்துவிடுவோம்.

நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு வேண்டவே வேண்டாம். குன்னூரிலிருந்து இறங்கும் வழியில் பர்லியார் பக்கம் மேகம் இறங்கினால் பத்தடியில் என்ன வருகிறது என்று லாரிக்காரருக்குத் தெரியாது. பி.ஆர்.எம்.மில் இரவு ஓட்டத்துக்கு ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் கட்டாயம். அதை ஜாக்கெட்டுக்கு மேலே போட வேண்டும், உள்ளே போட்டுவிட்டு வெளிச்சம் தெரியும் என்று இருக்கக் கூடாது. பி.ஆர்.எம். இல்லாத நாளிலும் அதைப் பையில் வைத்திருங்கள்.

ஒண்டிப்புதூர்க்காரன்:
என் முடிவு: இப்போதைக்கு ஆரஞ்சு நிற வின்ட்சீட்டர். மிச்சக் காசில் ஒரு மெரினோ பனியனும் முழுவிரல் கையுறையும். இரவுப்பயணி திட்டுவார் என்று தெரியும்.

இரவுப்பயணி:
திட்டவில்லை. கையுறை வாங்குவதால் பாதி மன்னித்தேன். ஆனால் வானிலை மையம் நீலகிரிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் அந்த ஜாக்கெட்டை நம்பி மேலே போகாதீர்கள், வேறு வாரம் பாருங்கள். போகிற வாரம் சாதாரணத் தூறல்தான் என்றால், கோத்தகிரியில் ஏறி முடித்தவுடன் முதல் வேலை ஈர பனியனை மாற்றுவது. காய்ந்த ஒன்றை ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோங்கள். ஈர பனியன்மேல் எந்த ஜாக்கெட்டைப் போட்டாலும் ஊட்டி ரோட்டில் நடுங்குவீர்கள்.

கியர்மாத்தி:
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கையுறை போட்ட கையோடு கடையில் ஜிப்பை இழுத்துப் பாருங்கள். சின்ன ஜிப்புக்கு வால் இருக்காது, குளிரில் பிடி கிடைக்காது. இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து ஒரு நாடாத் துண்டைக் கோத்துவிடுங்கள்.