அந்தமானில் எந்தப் படகு? எங்கள் வீட்டுக் குழுவில் ஓடிய பேச்சு

நான்: எல்லாரும் இருக்கிறீர்களா? ஜனவரியில் நானும் ஆபீஸ் தோழிகள் இரண்டு பேரும் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம் என்று சொன்னேனே, டைவிங் படகை இன்றைக்குள் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன். முதல் இடத்தில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் குறைவு, நேராக டிக்சன்ஸ் பினாக்கிள் என்கிற கடலடிப் பாறைக்குக் கூட்டிப்போகிறோம் என்கிறார்கள், வீடியோவும் எடுத்துத் தருவார்களாம். இரண்டாவது இடத்தில் கேள்வி மேல் கேள்வி. பாண்டி அண்ணா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்மா: ஆக்சிஜன் சிலிண்டர் நிறைய வைத்திருப்பார்களா, அதை முதலில் கேள்.

பாண்டி அண்ணன்: சித்தி, முதுகில் மாட்டுகிற சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, நாம் மூச்சு விடுகிற இதே காற்றுதான், வடிகட்டி அழுத்தி அடைப்பார்கள். ஆக்சிஜன் தனியாகப் படகில் இருக்க வேண்டும், அது வேறு காரணத்துக்கு, வருகிறேன். பாப்பா, இரண்டாவது இடத்தில் என்னென்ன கேட்டார்கள், அப்படியே போடு.

நான்: டைவிங் படித்து வாங்கியது எந்தக் கார்டு, கடைசியாக எப்போது இறங்கினாய், படகிலிருந்து இறங்கிப் பழக்கம் உண்டா, ஆஸ்துமா உண்டா, காதில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா, ஊர் திரும்பும் விமானம் எந்த நாள் எத்தனை மணிக்கு. ஒரு மருத்துவப் படிவமும் அனுப்பியிருக்கிறார்கள்.

பாண்டி அண்ணன்: முதல் இடத்தில்?

நான்: எத்தனை பேர், எந்தத் தேதி, முன்பணம் எப்போது போடுவீர்கள். கார்டு வாங்கிச் சில மாதம் ஆகிவிட்டது, அதற்கப்புறம் இறங்கவே இல்லை என்று நானாகச் சொன்னேன். "பயப்படாதீங்க மேடம், நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்.

பாண்டி அண்ணன்: எனக்கு அந்தப் பதில்தான் பயமாக இருக்கிறது. நீ பாண்டிச்சேரியில் வாங்கியது ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலைக் கார்டு, 18 மீட்டர் வரைக்கும்தான் உனக்குப் பயிற்சி. டிக்சன்ஸ் அதற்கும் கீழே போகிற இடம், நீரோட்டமும் இழுக்கும், அட்வான்ஸ்டு கார்டு வாங்கிவிட்டுப் போக வேண்டிய இடம். கார்டு எது என்று கேட்காமலே அந்த இடத்தைக் காட்டுகிறேன் என்கிற ஆளிடம் மற்ற விசாரணையே வேண்டாம் என்பேன். நல்ல ஆள் உன்னைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் இடத்தைச் சொல்வார்.

நாகை மாமா: 18 மீட்டர் என்றால் கடல்காரர் கணக்கில் பத்துப் பாகம். பூம்புகாருக்கு எதிரே 5 கிலோமீட்டர் தள்ளி 1991இல் கடலடியில் குதிரை லாடம் மாதிரி ஓர் அமைப்பைக் கண்டார்களே, அது 23 மீட்டர், பன்னிரண்டு பாகத்துக்கு மேல். அங்கே இறங்கியவர்கள் கோவாவிலிருந்து வந்த தேசியக் கடலியல் நிறுவனத்து ஆட்கள், அதுவே தொழிலாக இருப்பவர்கள். புதிதாகப் படித்த பிள்ளைக்கு அந்த ஆழம் எதற்கு?

பெரியம்மா: அஞ்சு பத்து மீட்டரில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது? காற்றுக்குழாய்தான் வாயிலேயே இருக்கிறதே.

பாண்டி அண்ணன்: இருக்கிறது அம்மா, ஆனால் கீழே போகப் போகக் காற்று வேகமாகத் தீரும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும், மேலே இருக்கிற அழுத்தம் அளவுக்கு இன்னொரு பங்கு கூடும். 30 மீட்டரில் ஒரு மூச்சுக்கு மேலே இழுப்பதைப் போல நாலு பங்கு காற்று செலவாகும். புது ஆட்கள் பதற்றத்தில் இன்னும் வேகமாக மூச்சு விடுவார்கள். காற்று குறைகிறதே என்று அடித்துப் பிடித்து மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும், மூட்டுவலியில் தொடங்கிக் கைகால் செயலிழப்பது வரை போகும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல் வந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அப்படி நிற்கவும் சிலிண்டரில் காற்று மிச்சம் இருக்க வேண்டும் இல்லையா.

அம்மா: இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.

பாண்டி அண்ணன்: அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் சித்தி, பரீட்சையும் எழுதினாள். ஆக்சிஜன் எதற்கு என்றேன் இல்லையா, இதற்குத்தான். குமிழி பிரச்சினை என்று சந்தேகம் வந்த உடனே கொடுக்கிற முதலுதவி சுத்த ஆக்சிஜன். பாப்பா, இரண்டு இடத்திலும் கேள், ஆக்சிஜன் படகில் இருக்கிறதா, கரையில் கடையில் இருக்கிறதா, படகில் வருகிறவர்களில் யாருக்கு அதைக் கொடுக்கத் தெரியும். இன்னொன்று, ஒரு கைடுக்கு எத்தனை பேர். உன் மாதிரிப் புது ஆட்களுக்கு நாலு பேருக்கு ஒருவர் இருந்தால் நல்லது, உங்கள் மூன்று பேரோடு மட்டும் ஒருவர் வந்தால் இன்னும் நல்லது.

நான்: முதல் இடத்தில் எட்டுப் பேருக்கு ஒருவர் என்றார்கள் அண்ணா.

பாண்டி அண்ணன்: எட்டா? ஒரு தடவை என்னோடு வந்த நண்பன் கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாக மேலே வந்துவிட்டான், இந்தப் பக்கம் படகில் ஆளை எண்ணாமலே எஞ்சினைப் போட்டுவிட்டார்கள். நான் கத்தின கத்தலில்தான் நிறுத்தினார்கள், அவன் அலைக்குள் கையை ஆட்டிக்கொண்டு இருக்கிறான். எந்த ஊர், எந்தப் படகு என்பது இங்கே வேண்டாம். அன்றிலிருந்து தண்ணீருக்குள் போவதற்கு முன்னும் ஏறிய பின்னும் பெயர் சொல்லி எண்ணுவீர்களா என்று கேட்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

நாகை மாமா: எல்லாரும் இறங்கின பிறகு படகில் யார் இருப்பார்கள் என்றும் கேட்கச் சொல் மாப்பிள்ளை. படகை ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவன் மேலேயே இருக்க வேண்டும், கீழே இருப்பவர்கள் விடுகிற மூச்சுக் குமிழியைப் பார்த்துக்கொண்டே. எஞ்சின் ஒன்றா இரண்டா, வயர்லெஸ் இருக்கிறதா, அதில் அவசரத்துக்கான 16ஆம் சேனல் வேலை செய்கிறதா. அங்கே போன் சிக்னலை நம்ப முடியாது. கடலோரக் காவல்படை எண் 1554, சிக்னல் கிடைக்கிற இடத்தில் அதுவும் உதவும், போனில் போட்டு வைத்துக்கொள் பாப்பா. அப்புறம் ஏணி. ஏணி தண்ணீருக்குள் நன்றாக இறங்க வேண்டும். மேலாக்கில் தொங்குகிற ஏணியில் முதுகில் சிலிண்டரோடு ஏறவே முடியாது, அலை அடித்தால் அதுவே தலையில் இடிக்கும்.

அம்மா: அண்ணே, நீங்களும் ஒரு தடவை அவர்களோடு பேசுங்களேன்.

பாண்டி அண்ணன்: அவளே பேசட்டும் சித்தி. இறங்கப் போகிறவள் அவள்தானே, கேட்டுப் பழக வேண்டும். பாப்பா, விமானம் எப்போது?

நான்: திங்கள் காலை ஏழரைக்கு. முதல் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு டைவ் போட்டிருக்கிறார்கள், முடிய மதியம் 2 மணி ஆகுமாம், அப்புறம் கப்பலில் போர்ட் பிளேர்.

பாண்டி அண்ணன்: கூடவே கூடாது. இரண்டு டைவ் அடித்தால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. 2 மணிக்கு மேலே வந்தால் மறுநாள் காலை எட்டு ஆகிவிடும். இரண்டாவது ஆள் விமான நேரம் கேட்டது இதற்குத்தான்.

நான்: ஆமாம், அவர்கள் சனிக்கிழமையோடு முடித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை நீமோ ரீஃப் என்கிற பவளப்பாறையில் கரையோரமாக ஒரு டைவ் இறங்கி எல்லாம் ஞாபகம் இருக்கிறதா பார்ப்பார்களாம், சரியாக இருந்தால்தான் சனிக்கிழமை படகு. இப்போது கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, ஆக்சிஜன் படகிலேயே இருக்கிறது, படமும் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மூன்று பேருக்கு ஒரு கைடு.

பாண்டி அண்ணன்: சரி, இன்னும் ஒன்றே ஒன்று கேள். படகில் ஏறின பிறகு கடல் சரியில்லை, எனக்கு மனசு ஒப்பவில்லை, இறங்கவில்லை என்று நீ சொன்னால் என்ன செய்வார்கள்? பணம் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை, கட்டாயப்படுத்தக் கூடாது.

பெரியம்மா: சளி பிடித்திருந்தால்?

பாண்டி அண்ணன்: இறங்கவே கூடாது. காது அடைத்துக்கொண்டால் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, செவிப்பறை கிழியும். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம், பாதியில் அதன் வேகம் விட்டுப்போகும்.

நான்: பதில் வந்துவிட்டது. "இறங்க மாட்டேன் என்று யார் சொன்னாலும் காரணம் கேட்க மாட்டோம், அடுத்த நாள் இடம் இருந்தால் தருவோம்" என்கிறார்கள்.

அம்மா: ஆயிரம் ரூபாய்தானே, நான் போடுகிறேன். அங்கேயே சொல்லிவிடு.

பாண்டி அண்ணன்: முன்பணம் போடு. அன்றைக்கு உபகரணம் மாட்டினதும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கைடு பார்த்துவிட்டார் என்று விடாதே. முதலில் வாயில் வைத்து இழுக்கும்போது எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம் என்று சொல். அப்புறம் அழுத்தமானியைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு நாலு மூச்சு நன்றாக இழு. முள் 200க்குப் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இழுக்கும்போது முள் கீழே இறங்கி, மூச்சை விட்டதும் மேலே ஏறினால் வால்வை முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். மேலே நன்றாகத்தான் காற்று வரும், கீழே போனதும் திணறும். தோழிகள் இரண்டு பேருக்கும் இதைச் சொல்லிக் கொடு, ஒருவருடையதை ஒருவர் பாருங்கள்.

நாகை மாமா: ஏணி கேட்டாயா?

நான்: கேட்டுவிட்டேன் மாமா, படகின் படம் நாளைக் காலை அனுப்புகிறார்களாம். வந்ததும் இங்கே போடுகிறேன், நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகு முன்பணம் போடுகிறேன்.