புது பேட்டரி போட்டும் ‘பீப்’ நிற்காத புகை அலாரம்: என்ன செய்யலாம்?

வணக்கம். மூன்று புகை அலாரங்கள், மெயின் மின்சாரத்தில் ஓடுபவை, ஒன்றோடொன்று வயரால் இணைந்தவை. ஒன்று மட்டும் நிமிடத்துக்கொரு ‘பீப்’. பேட்டரி புது ஆல்கலைன், மீட்டரில் 9.4 வோல்ட். (ரீசார்ஜ் பேட்டரி இல்லை. அதன் வோல்டேஜ் குறைவு என்பதால் சில அலாரங்கள் சும்மாவே கத்தும்.)

பிரேக்கரை அணைத்து, பிளக்கையும் பேட்டரியையும் கழற்றி, டெஸ்ட் பட்டனை 20 விநாடி அழுத்தி மிச்ச சார்ஜை இறக்கியாயிற்று. உள்ளே பூச்சி, தூசி இல்லாதபடி வாக்குவம் கிளீனரும் பிடித்தாயிற்று. பச்சை விளக்கு எரிகிறது. ஆகவே மின்சாரம் வருகிறது. அலாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் மாட்டினால் ‘பீப்’பும் கூடவே போகிறது. அதனால் வயரிங் மேல் சந்தேகமில்லை.

பின்புறத் தேதிப்படி வயது 9. வழக்கமான ஆயுள் 10 ஆண்டுதான் என்பதால் சென்சார் முடிந்துவிட்டது என்றே தோன்றுகிறது. ஆனால் சில மாடல்களில் பேட்டரிக்கு ஒரு ‘பீப்’, ஆயுள் முடிந்தால் வேறு எண்ணிக்கை. இதில் ஒன்றுதான்; குழப்பம் அங்கேதான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: ஒன்றை மட்டும் மாற்றலாமா, மூன்றையுமா? அதே நிறுவனத்தின் புது மாடல் பழைய இணைப்பு வயரில் மற்றவற்றோடு சேர்ந்து ஒலிக்குமா? வேறு நிறுவனத்தைக் கலக்கும் எண்ணமில்லை.