கடலில் பயந்துபோய் மேலே ஓடி வந்துவிட்டேன், ஸ்கூபா பயிற்சியைத் தொடரலாமா விட்டுவிடலாமா?

நீலம்தேடி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சொன்னால் "இதெல்லாம் உனக்கு எதற்கு" என்றுதான் பதில் வரும்.

போன வாரம் ஸ்கூபா டைவிங்கின் அடிப்படைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் பயிற்சிக்குப் போயிருந்தேன். நான்கு நாள் என்று சொல்லிச் சேர்த்தார்கள், போன பிறகு படகு கிடைக்காது என்று மூன்று நாளாகச் சுருக்கிவிட்டார்கள். எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். 200 மீட்டர் நீச்சல், 10 நிமிடம் மிதப்பது இரண்டையும் மூச்சு வாங்காமல் முடித்தேன், பாடங்களையும் முன்னாடியே படித்துத் தேர்வு எழுதியிருந்தேன். அதனால் பயம் என்ற ஒன்று மனதிலேயே இல்லை.

குளத்தில் ஆரம்பித்தது பிரச்சினை. மாஸ்க்கில் பாதி தண்ணீர் விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது இரண்டாவது தடவையே வந்துவிட்டது. முழுதாகக் கழற்றி மாட்டச் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன். மூக்கில் தண்ணீர் பட்டதும் என்னை அறியாமல் மூக்கால் மூச்சை இழுத்துவிட்டேன், உச்சந்தலை வரை எரிந்தது, இருமிக்கொண்டே எழுந்து நின்றேன். மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் இதேதான். நாங்கள் ஆறு பேர், இன்ஸ்ட்ரக்டர் ஒருவர். மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டு முட்டி போட்டு வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். "சரி விடு, கடலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

மறுநாள் கடல். கயிற்றைப் பிடித்து இறங்கும்போது மூன்று மீட்டர் வாக்கில் இடது காது வலிக்க ஆரம்பித்தது. காதைக் காட்டிக் கையை ஆட்டிச் சைகை செய்தேன். இன்ஸ்ட்ரக்டர் மூக்கைப் பிடித்து ஊது என்று காட்டிவிட்டு என் ஜாக்கெட் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். பலம்கொண்ட மட்டும் ஊதினேன், ஏதோ 'பட்'டென்றது, வலி கொஞ்சம் அடங்கியது. தரையில் முட்டி போட்டபோது ஆழம் காட்டும் கேஜ் ஆறு மீட்டர் காட்டியது. என் முறை வந்ததும் மாஸ்க் முழுக்கத் தண்ணீர் விடச் சொன்னார். விட்டேன். மறுபடி மூக்கால் இழுத்தேன், மூச்சு விட வாயில் வைத்திருந்த ரெகுலேட்டருக்குள்ளேயே இருமினேன், அதற்கப்புறம் எனக்கு ஒன்றுதான் தோன்றியது, மேலே போக வேண்டும். அவர் என் தோள்பட்டையைப் பிடித்தார், உதறிவிட்டுக் காலை அடித்து மேலே வந்துவிட்டேன். வரும்போது மூச்சை விட்டேனா அடக்கினேனா என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. மேலே வந்து பார்த்தால் மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது, மேலுதட்டில் ரத்தம்.

படகில் எல்லோர் முன்னாலும் "இது எல்லோருக்கும் வராதும்மா" என்றார். சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு, மீதி டைவ்களுக்குச் சும்மா கூட வா, எதுவும் செய்ய வேண்டாம், பயிற்சி முடித்ததற்கான கார்டு வாங்கித் தருகிறேன் என்றார். அது இன்னும் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்றோடு ஐந்து நாள் ஆகிறது, இடது காது இன்னும் அடைத்த மாதிரியே இருக்கிறது. நான் கேட்க நினைப்பது இதுதான். எனக்கு இது வரவே வராதா? வேறு இடத்தில் சேர்ந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமா? மீன்களுக்கு நடுவில் இருந்த அந்த இரண்டு நிமிடம், இறங்கி முடித்து மற்றவர்களுக்காகக் காத்திருந்த நேரம், அது மட்டும் கண்ணிலிருந்து போக மாட்டேன் என்கிறது.

---

பதினெட்டுமீட்டர்:

நான் இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்க்கிறவன். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் காது. நாளைக்கே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், டைவ் செய்தேன், வலியோடு இறங்கினேன், பலமாக ஊதினேன் என்று மூன்றையும் சொல்லுங்கள். தலைசுற்றல், காதில் இரைச்சல், கேட்பது குறைந்த மாதிரி ஏதாவது இருந்தால் நாளை வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள். பலமாக ஊதுவதால் உள்காதில் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிய வாய்ப்பு உண்டு, அதைத் தள்ளிப்போட்டால் கேட்கும் திறனே போகலாம். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை குளத்தின் ஆழமான பக்கம்கூட வேண்டாம். மூக்கில் ரத்தம் பெரும்பாலும் சைனஸில் அழுத்தம் சமனாகாததால் வருவது, அதையும் சொல்லிவிடுங்கள்.

காது வலிக்கும்போது கீழே இழுத்தது சுத்தத் தவறு. மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் போவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, அதனால் காதுக்குக் கஷ்டமே இந்த ஆரம்பத் தூரத்தில்தான். வலி வந்துவிட்டது என்றால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், அதற்கு மேல் எவ்வளவு ஊதினாலும் பெரும்பாலும் திறக்காது. ஒரு மீட்டர் மேலே வர வேண்டும், நின்று மெதுவாக முயல வேண்டும், திறந்தால் இறங்க வேண்டும், திறக்கவில்லை என்றால் அன்றைக்கு டைவ் இல்லை. என் மாணவர்களிடம் நான் சொல்வது, வலி வருவதற்கு முன்னாலேயே, தலை தண்ணீருக்குள் போனதும் முதல் தடவை, அப்புறம் அரை மீட்டருக்கு ஒரு தடவை செய்துகொண்டே இறங்குங்கள் என்று. ஊதுவது ஒத்துவரவில்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள், பல பேருக்கு அதுதான் வரும்.

இப்போது நீங்கள் மேலே ஓடி வந்தது. இதை நீங்கள் கூச்சப்பட்டுச் சொல்கிறீர்கள், நான் பதறிப்போய்ப் படித்தேன். ஆறு மீட்டரில் அழுத்தம் 1.6 மடங்கு. அங்கே நுரையீரலில் 5 லிட்டர் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 8 லிட்டராக விரியப் பார்க்கும், நுரையீரலில் அவ்வளவு இடம் கிடையாது. திசு கிழிந்து காற்று ரத்தத்துக்குள் போனால் மூளை வரை போகும். அதனால்தான் ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது முதல் விதி. அவர் தோளைப் பிடித்ததை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். மாணவர் பதறி மேலே பாய்ந்தால் பிடித்து வேகத்தைக் குறைத்து, ரெகுலேட்டர் வாயில் இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே கூட வர வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் மேலே வந்ததும் நெஞ்சு வலிக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, கை கால் மரத்துப்போகிறதா, பேச்சு குழறுகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டாரா? அப்படிக் காற்று ரத்தத்துக்குள் போயிருந்தால் பெரும்பாலும் மேலே வந்த சில நிமிடங்களில் தெரிந்துவிடும், ஐந்து நாள் ஆகிவிட்டதால் பயப்பட வேண்டாம், இருந்தாலும் மருத்துவரிடம் இதையும் சேர்த்தே சொல்லுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்று டைவர்களுக்கான மருத்துவ உதவி அமைப்பு ஒன்று இருக்கிறது, அவர்களிடமும் விசாரிக்கலாம்.

எந்த அமைப்பின் பயிற்சி என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். டைவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்புகளில் ஒன்றான பி.ஏ.டி.ஐ. பாடத்திட்டத்தை வைத்துச் சொல்கிறேன், மற்றவையும் ஏறக்குறைய இப்படித்தான். குளத்தில் ஐந்து பகுதிகள், கடலில் நான்கு டைவ்கள், முதல் இரண்டும் 12 மீட்டர் ஆழத்தைத் தாண்டக்கூடாது, கடைசி இரண்டும் 18 வரை. கடலில் ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எட்டு மாணவர்கள் வரை அனுமதி உண்டு, ஆக ஆறு பேர் என்பது விதிமீறல் கிடையாது. மூன்று நாளில் முடிப்பதும் நடக்கிற விஷயம்தான். ஆனால் மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவது, மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடம் மூச்சு விடுவது இரண்டும் ஆழமில்லாத தண்ணீரில் முடித்துக்காட்ட வேண்டியவை. அதை முடிக்காத ஆளைக் கடலுக்குக் கூட்டிப்போய் அங்கே செய்யச் சொன்னது அவர் தவறு. சும்மா கூட வா, கார்டு தருகிறேன் என்றது அதைவிடப் பெரிய தவறு. அந்தக் கார்டு கையில் இருந்தால் எந்தப் படகிலும் உங்களை 18 மீட்டர் இறங்கத் தெரிந்தவர் என்று நம்பி இறக்கிவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னீர்களே, நல்ல டைவருக்கு இருக்க வேண்டிய புத்தி அதுதான்.

---

உப்புக்காற்று:

நீலம்தேடி, எனக்கும் அப்படியே நடந்தது. எட்டு வருடம் ஆகிறது, இன்று வரை இருநூறு டைவுக்கு மேல் போய்விட்டேன். அதனால் வருமா வராதா என்ற கேள்விக்குப் பதில், வரும்.

மூக்கில் தண்ணீர் பட்டதும் மூச்சை இழுப்பது பழக்கம்தான், அதை மாற்றலாம். வாயின் மேலண்ணத்துக்குப் பின்னால் ஒரு மெத்தென்ற பகுதி இருக்கிறது, அதுதான் மூக்குக்குக் கதவு. 'அங்கே' என்று ரொம்ப மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'ங்' சொல்லும்போது மூக்கால் காற்று வருகிறது, 'கே'க்குப் போகும்போது டக்கென்று நின்றுவிடுகிறது பாருங்கள், அந்த நொடியில் மூடுகிறதே, அதுதான் அந்தக் கதவு. தமிழ் பேசுகிற நமக்கு அது நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறது, தண்ணீருக்குள் அதை வேண்டுமென்றே மூடி வைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் பழகியது வீட்டில், ஒரு அகலமான பாத்திரத்தில். வாயில் வைத்து மூச்சு விடும் குழாயான ஸ்நார்கெல் மட்டும், மாஸ்க் கிடையாது. முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் இழுத்து மூக்கால் குமிழி விடுவது முதலில். அது அலுத்துப்போகும் அளவுக்கு வந்த பிறகு வாயால் இழுத்து வாயாலேயே விடுவது, மூக்கு சும்மா தண்ணீரில் இருக்கும். முதல் நாள் நான்கு மூச்சுதான் தாங்கினேன். பத்தாவது நாள் பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டே செய்துகொண்டிருந்தேன். ஆனால் காது சரியாகி மருத்துவர் சொன்ன பிறகு செய்யுங்கள், வீட்டில் ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதை எனக்கு யாரும் ஆரம்பத்தில் சொல்லித்தரவில்லை. மாஸ்க்கில் தண்ணீர் நிறைந்ததும் எல்லோரும் முதலில் தலையை மேலே தூக்குகிறோம், அப்போது தண்ணீர் நேராக மூக்குத் துவாரத்தில் இறங்குகிறது. குனிந்தபடியே மூக்கால் ஊத ஆரம்பியுங்கள், ஊதிக்கொண்டே இருக்கும்போது தலையைத் தூக்குங்கள், மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியில் அழுத்துங்கள். மூக்கிலிருந்து காற்று வந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் உள்ளே வர வழியில்லை. எனக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பயம் போய்விட்டது.

வாடகை மாஸ்க்கா போட்டீர்கள்? உங்கள் முகத்துக்குப் பொருந்துகிற ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும்.

---

கரையோரம்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. முடித்த பகுதிகளை இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை வைத்து வேறு ஒருவரிடம் தொடரலாம், ரெஃபரல் என்பார்கள், 12 மாதம் செல்லும். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் குளத்துப் பகுதியை முழுக்க மறுபடி செய்வேன், முடிந்தால் தனியாக ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு. சேர்வதற்கு முன்னாலேயே கேளுங்கள், எனக்கு மாஸ்க்கில் பயம் இருக்கிறது, அதற்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்வீர்களா என்று. முகத்தைச் சுளிக்கிற ஆளிடம் சேராதீர்கள். அப்புறம் உங்களுக்கு நடந்ததைத் தேதி, நேரம் போட்டு அந்தச் சான்றிதழ் அமைப்புக்கு எழுதிவிடுங்கள், தர விசாரணைக்கென்றே அவர்களிடம் தனிப் பிரிவு இருக்கிறது. அடுத்த வாரம் அதே படகில் இன்னொரு ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

---

நீலம்தேடி:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டேன். செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கிறது, கிழியவில்லை, உள்காதும் நன்றாக இருக்கிறது என்றார். மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், அதுவரை தண்ணீர் வேண்டாம், மூக்கை அழுத்தி ஊதவும் வேண்டாம். மேலே வந்ததைச் சொன்னபோது நெஞ்சையும் பரிசோதித்தார், ஒன்றும் இல்லை.

பதினெட்டுமீட்டர் கேட்டதற்குப் பதில், இல்லை, படகில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு துண்டு கொடுத்தார்கள், அவ்வளவுதான். புகார் எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. குளத்தில் நான் எழுந்து நின்றபோது குழுவில் வயதான ஒருவர் "இன்னொரு தடவை நிதானமாகச் செய்யட்டுமே, எங்களுக்கு அவசரமில்லை" என்றார். அதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

உப்புக்காற்று, 'அங்கே' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. ஒரு சந்தேகம், பாத்திரத்தில் பழகும்போது கண்ணைத் திறந்து வைக்க வேண்டுமா?

---

உப்புக்காற்று:

முதல் சில நாள் மூடிக்கொண்டே செய்யுங்கள், மூச்சு ஒன்றில் மட்டும் கவனம் இருக்கட்டும். பிறகு திறந்து பழகுங்கள், லேசாகக் கரிக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால் மட்டும் மூடியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் தண்ணீரோடு போய்விடும். முதல் நாள் எத்தனை மூச்சு தாங்கினீர்கள் என்று மூன்று வாரம் கழித்து இங்கே வந்து சொல்லுங்கள்.