புதுப்பிப்பு: அம்மாவின் இடது கை

போன வாரம் எழுதியிருந்தேன்: குடியாத்தத்தில் அம்மாவுக்கு இடது கையும் காலும் தானாகவே ஆட ஆரம்பித்தன, பக்கவாதமோ என்று பயந்தோம். வேலூரில் காட்டியாயிற்று. சர்க்கரை 480! ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. சர்க்கரை எகிறினால் இப்படியும் வருமாம், வயதான பெண்களுக்குத்தான் அதிகம்.

முக்கிய வைத்தியம் இன்சுலின். ஆட்டத்துக்கு மட்டும் ஹாலோபெரிடால், குறைந்த அளவில். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்து, "இது மனநோய் மாத்திரையாச்சேண்ணா" என்று சொல்லித் தொலைத்தான். அம்மா அன்றைக்கு அதைத் தொடவே இல்லை. "எனக்கென்ன பைத்தியமா?" மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை இது தடுக்கிறது, அதனால்தான் அந்த நோய்க்கும் இந்த ஆட்டத்துக்கும் கேட்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்ன பிறகே விழுங்கினார்.

கை அடங்கிவிட்டது. நேற்று முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றினார். நூல் கட்டும்போது மட்டும் சுண்டுவிரல் துள்ளுகிறது. ஆனால் நடை கொஞ்சம் விறைத்திருக்கிறது, மருந்தின் வேலைதான். அளவைக் குறைத்திருக்கிறார்கள். நெடுநாள் சாப்பிட்டால் வாயும் நாக்கும் தானாக அசையும் வேறொரு தொல்லை வரலாம் என்பதால் சீக்கிரமே நிறுத்திவிடுவார்களாம்.

டெட்ராபெனசின் என்ற இன்னொரு மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு: அதுவும் இதற்குக் கொடுப்பதுண்டு, மனச்சோர்வு தரலாம் என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

அம்மா மாத்திரைக்கு ஒத்துக்கொண்டார். வெல்லக் காபியைத்தான் விடமாட்டேன் என்கிறார்.